ஆத்துக்குள் போனவர்

எங்கள் நாடகக் குழுவில் இயக்குநர் என்று யாரும் கிடையாது. கேட்பதற்கு அழகாக இருக்கும். ஒரு நாற்காலியை மேடையின் இந்தப் பக்கம் போடுவதா அந்தப் பக்கம் போடுவதா என்று முடிவெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போய்விடும் என்பதை மட்டும் யாரும் வெளியே சொல்வதில்லை. பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளிப் பக்கம் ஒரு வாயனசாலையின் மாடியில்தான் கூடுவோம். கீழே ஆட்கள் சத்தமில்லாமல் மலையாளப் பத்திரிகை படித்துக்கொண்டிருப்பார்கள். மேலே நாங்கள் தமிழில் சண்டை போட்டுக்கொண்டிருப்போம். ஒரு தடவை நூலகர் மாடிக்கு வந்து எட்டிப் பார்த்து, “நாடகம் நன்னாயிட்டுண்டு” என்று பாராட்டிவிட்டுப் போனார். அது நாடகமே இல்லை. டீ வாங்கி வர யார் போவது என்கிற தகராறு.

இருந்தாலும் வேலை எப்படியோ நடக்கிறது. யாரோ எழுதி வைத்த நாடகத்தை நாங்கள் போடுவதில்லை. அந்த வாரம் யார் வீட்டில் என்ன கூத்து நடந்ததோ அதைப் பேசுவோம், பேசியதை நடித்துப் பார்ப்போம், நடித்ததில் தேறுவதை வைத்துக்கொள்வோம். யார் வேண்டுமானாலும் வந்து ரசிக்கும்படி இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் எங்கள் பிடிவாதம். இதை நோட்டீசில் அச்சடிப்பது சுலபம். சக்கர நாற்காலியில் வருகிறவர் கல்யாண மண்டபத்துப் படிக்கட்டை என்ன செய்வார்? அதற்காக எங்கள் குழுவில் இருக்கும் எலக்ட்ரீஷியன் ஒரு சாய்வுப் பலகை செய்து, போகிற இடத்துக்கெல்லாம் வேன் தலையில் கட்டி எடுத்து வருவார். காது கேட்காதவர்களுக்கு வசனம் பெரிய எழுத்தில் திரையில் ஓடும். குழந்தை அழலாம், பெரியவர்கள் எழுந்து நடக்கலாம், பாதியில் பேசலாம், வெளியே போய்விட்டுத் திரும்பி வரலாம். ஆரம்பிப்பதற்கு முன் இதையெல்லாம் மைக்கில் சொல்லிவிடுவோம். கண் தெரியாதவர்களுக்கு நான் இருக்கிறேன்.

நான் என்றால் என் குரல். மேடை ஓரத்தில் நாற்காலி போட்டு, மைக்கைப் பிடித்துக்கொண்டு, வசனத்துக்கு நடுவே என்ன நடக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டியது என் வேலை. யார் வருகிறார், யார் முறைக்கிறார், யார் கதவை அறைந்து சாத்துகிறார், எல்லாம். காதில் மாட்டிக்கொள்ளும் கருவிகளெல்லாம் எங்களிடம் இல்லாததால் ஹால் முழுக்கக் கேட்கும்படிதான் சொல்வேன். கண் தெரிந்தவர்களும் கேட்டே ஆக வேண்டும், அவர்கள் தலையெழுத்து. பாலக்காட்டில் ஒரு வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து டோக்கன் நம்பர் கூப்பிட்டே வளர்ந்த குரல் இது, மைக் இல்லாவிட்டாலும் போய்ச் சேரும். குழுவில் எல்லோருக்கும் நான் மாமி. வயசு அம்பதைத் தாண்டிவிட்டதால் ஆட்சேபிக்கவும் முடியவில்லை.

இந்த ஏற்பாட்டுக்கெல்லாம் காரணம் எங்களோடு இருக்கும் ஒரு மறையூர்க்காரி. முப்பதைத் தாண்டியவள், பிறவியிலேயே பார்வை இல்லை. அப்பாவும் அம்மாவும் மூணாறுக்கு மேலே தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்கள். அப்பா காலமான பிறகு அம்மா கீழே மறையூரில் மகன் வீட்டோடு வந்துவிட்டாள். மகள் பாலக்காட்டில் ஒரு அரசு அலுவலகத்தில் டெலிபோன் போர்டில் இருக்கிறாள். வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு பஸ் ஏறி அலுவலகம் போவாள், மார்க்கெட்டில் தக்காளி விலைக்குச் சண்டை போடுவாள். ஒவ்வொரு காட்சியும் தயாரானதும் நாங்கள் அவள் முன்னால் நடித்துக் காட்டுவோம், நான் சொல்வேன். முடிந்ததும் என்ன நடந்தது என்று அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். அவள் சொல்வதும் நாங்கள் நடித்ததும் ஒத்துப்போகாவிட்டால் காட்சி தள்ளுபடி. நல்ல நல்ல காட்சிகளையெல்லாம் ஈவிரக்கம் இல்லாமல் தள்ளியிருக்கிறாள்.

எங்களுக்குள் தமிழும் ஒன்றில்லை. எலப்புள்ளி எலக்ட்ரீஷியனும் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் தமிழ் வாத்தியாரும் கோயம்புத்தூர்க்காரர்கள் மாதிரி ‘ஏனுங்க’ போட்டுப் பேசுவார்கள். மறையூர்க்காரி பேசினால் திருநெல்வேலியில் பஸ்ஸை விட்டு இறங்கியதுபோல் இருக்கும். என்னுடையது பாலக்காட்டுக் கோயில் தெருக்களில் பேசுகிற தமிழ். எந்தக் காலத்திலோ மூட்டை கட்டிக்கொண்டு வந்தபோது கூடவே வந்தது, வழியில் கொஞ்சம் மலையாளத்தையும் சேர்த்துக்கொண்டது. யாரும் யாருக்காகவும் மாற்றிக்கொள்ள வேண்டாம் என்பது ஆரம்பத்திலேயே பேசி வைத்த சங்கதி. அதில் எனக்குத்தான் ரொம்பப் பிடிவாதம்.

அந்தப் பிடிவாதம் கோவிந்தாபுரத்தில் என் மானத்தை வாங்கியது.

எல்லைக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், ஒரு சனிக்கிழமை மதியம் நாடகம். மறையூர்க்காரி போன் மேல் போன் போட்டு, பார்வை இல்லாதவர்களை இரண்டு மாநிலத்திலிருந்தும் திரட்டியிருந்தாள். பாதி ஹால் அவர்கள்தான். மீதிப் பாதி, சும்மா வேடிக்கை பார்க்க வந்த ஊர்க்காரர்கள். நாடகம் ஒரு மிக்ஸியைப் பற்றியது. பெண்டாட்டியைக் கேட்காமல் புது மிக்ஸியைப் பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுத்துவிட்டார் புருஷன். வாசலில் பெரிய சண்டை. “இனிமே உங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்” என்று அவள் சொன்னதும், அவர் பதில் பேசாமல் வீட்டுக்குள் போய், தானே காபி போட்டுக் குடித்துவிட்டு வருவார். புருஷன் எங்கள் எலக்ட்ரீஷியன். வீடு என்பது நெஞ்சுயரத்துக்கு ஒரு மூங்கில் தட்டி. அவர் அதற்குப் பின்னால் குனிந்து பாத்திரத்தை உருட்டுவார், கண் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். ஒத்திகையில் ‘வீட்டுக்குள்ள போறார்’ என்றுதான் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தேன். ஆனால் மேடையில் சண்டை சூடு பிடித்ததும் எனக்கும் சூடு பிடித்துவிட்டது. வாய் தன் பாட்டுக்குப் போனது.

“அவர் செருப்பைக் கழட்டறார். சட்டையையும் கழட்டிக் கம்பில போடறார். பொண்டாட்டியை ஒரு பார்வை பாக்கறார். ஒண்ணும் பேசலை. நேரா ஆத்துக்குள்ள போறார்” என்றேன்.

ஹாலில் ஒரு பாதி சட்டென்று அடங்கியது. என் சொல்லில் சொக்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் இன்னும் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். “இடுப்பு மறைஞ்சாச்சு. இப்போ தலை மட்டும் தெரியறது. ஐயோ, தலையும் மறைஞ்சுடுத்து.”

யாரோ ‘த்சொ த்சொ’ என்றார்கள். ஒரு அம்மாள் மூக்கை உறிஞ்சியது மேடைவரை கேட்டது. தட்டிக்குப் பின்னால் பாத்திரம் உருண்டது, கண் தெரிந்த பாதி சிரித்தது, உடனே மற்றப் பாதியிலிருந்து “மனுசங்களாய்யா நீங்கல்லாம்?” என்று ஒரு குரல் சீறியது. ஒரு மிக்ஸிக்காக இவ்வளவு உருகுகிறார்களே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. “அவள் திரும்பிக்கூடப் பாக்கலை. வாசப்படியில உக்காந்து அவரைக்காய் நறுக்கறா” என்று அடுத்த வெடியைப் போட்டேன். மூக்கை உறிஞ்சிய அம்மாள் இப்போது வாய்விட்டே அழுதாள்.

பிறகு, “கையில காபி டம்ளரோட வெளியில வரார். ஊதி ஊதிக் குடிக்கறார்” என்றேன்.

நடு வரிசையில் ஒருவர் கையைத் தூக்கினார். எல்லையில் லாட்டரிச் சீட்டு விற்கிறவர், அவருக்கும் பார்வை கிடையாது. நடுவில் பேசலாம் என்று நாங்களே சொல்லியிருந்ததால் தாராளமாகக் கேட்டார்.

“ஏனுங்கம்மா, ஒரு சந்தேகமுங்க. ஆத்துக்குள்ள போன மனுசன் காப்பியோட வர்றாருங்களே, அது எந்த ஆறுங்க? சொன்னீங்கன்னா நாங்களும் போயி ஆளுக்கொரு டம்ளர் குடிச்சுட்டு வர்றமுங்க.”

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் மறையூர்க்காரி துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. எங்கள் தெருவில் வீட்டுக்கு ‘ஆம்’ என்று பெயர். அகம் தேய்ந்து ஆம் ஆயிற்று, அகத்துக்குள் ஆத்துக்குள் ஆயிற்று. மற்ற எல்லாத் தமிழர்களுக்கும் ஆத்துக்குள் போனால் தண்ணீர்தான். நான் அந்த மனுஷனைச் செருப்பையும் சட்டையையும் கழற்ற வைத்து, இடுப்பளவு, கழுத்தளவு, தலைக்கு மேல் என்று முறையாக முழுக்கிக் கொன்றிருக்கிறேன். பெண்டாட்டியைக் கரையில் உட்கார வைத்து அவரைக்காயும் நறுக்க வைத்திருக்கிறேன்.

எலக்ட்ரீஷியன் மேடையிலிருந்தே, “நான் சாகலீங்க, உசுரோடதான் இருக்கறனுங்க” என்று கத்தினார். அழுத அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “போய்த் தொலை” என்று திட்டினாள். அதற்கு மேல் எங்கே நாடகம் நடக்க? ஹாலே உருண்டு உருண்டு சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் முகம் எரிந்தது.

முடிந்ததும் லாட்டரிக்காரர் என் குரலைப் பிடித்துக்கொண்டு நேரே வந்தார். “கோவிச்சுக்காதீங்க. நீங்க போட்ட நாடகம் சுமாருங்க. நாங்க கேட்ட நாடகம் இருக்குதுங்களே, அதுதானுங்க நாடகம். புருசன் ஆத்தோட போறான், அவ காய் நறுக்கறா. என்ர நெஞ்சே நின்னு போச்சுங்க. பேசாம அதையே போட்டிருக்கலாமுங்க.”

அடுத்த ஞாயிறு வாயனசாலை மாடியில் எனக்குப் பஞ்சாயத்து. வாத்தியார் ரொம்ப மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். விவரிக்கிற குரல் யாருடைய வட்டாரத்தையும் சேராத பொதுவான தமிழில் இருந்தால் நல்லது, வானொலியில் செய்தி வாசிக்கிற மாதிரி, என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. “பொண்டாட்டி புருஷன் சண்டைக்குச் செய்தி வாசிக்கணுமாக்கும்? ‘கணவர் இல்லத்தினுள் பிரவேசிக்கிறார், மழைக்கு வாய்ப்புண்டு’ன்னு சொல்லட்டுமா? எனக்கு அது வராது. வேற ஆளைப் பாத்துக்கோங்கோ” என்று பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். எலக்ட்ரீஷியன் சமாதானம் செய்கிறேன் பேர்வழி என்று, “ஊடுன்னு சொல்லிப் போடுங்க மாமி, பிரச்சினையே இல்லீங்க” என்றார். ஊடு என்றால் மறையூரில் யாருக்குப் புரியும் என்று வாத்தியார் அவர் மேல் பாய்ந்தார். இருவரும் ஒரே பேச்சுக்காரர்கள், ஆனாலும் அடித்துக்கொண்டார்கள்.

மறையூர்க்காரிதான் அதட்டினாள். “எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க. எனக்கு மாமி பேசுனா மாமின்னு தெரியுது, கோவப்பட்டா கோவம்னு தெரியுது. யாருமே இல்லாத கொரல்ல ஒருத்தர் சொன்னா நான் எதுக்கு நம்பணும்? மாமி மாமியாவே பேசட்டும். வீட்ட மட்டும் வீடுன்னு சொல்லட்டும், இல்லைன்னா ஊர்ல ஒரு ஆம்பள மிஞ்ச மாட்டான்.” பிறகு, “அந்த லாட்டரி அண்ணன் சொன்னது நெசம். அந்த ஆத்து நாடகத்தையே போடுவோம்” என்றாள்.

பையைக் கீழே வைத்தேன். என்ன செய்வது, யோசனை நன்றாக இருந்தது.

இப்படித்தான் எங்கள் ஆத்து நாடகம் பிறந்தது. ஒரு பெண், அவள் வீட்டுக்குப் போக ஒரு ஆறு. ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் கையைப் பிடித்து அக்கரைக்குக் கொண்டுபோய் விடுவார்கள். ஒருநாள் கரையில் நிற்கிற எல்லோரும் நான்தான் கூட்டிப்போவேன், நீயெல்லாம் கூட்டிப்போய் உருப்பட்டாற்போலத்தான் என்று தங்களுக்குள் சண்டை போட ஆரம்பிக்கிறார்கள். சண்டைக்கு நாங்கள் ஒத்திகையே பார்க்கவில்லை, வாராவாரம் நடப்பதுதான். அவர்கள் கத்திக்கொண்டிருக்கும்போதே அவள் தானாக ஆற்றைக் கடந்து போய்விடுகிறாள். கரையில் இருப்பவர்கள் கவனிக்கவே இல்லை. “அந்தப் பொம்பளையா நான் வாரேன்” என்றாள் மறையூர்க்காரி. அதுவரை அவள் மேடையில் ஏறியது உண்டு, ஆனால் எப்போதும் நாற்காலியில் உட்கார்ந்த வேஷம்தான்.

முதல் நாடகம் மறையூரில்தான் என்று அவளே தீர்மானமும் செய்துவிட்டாள். ஏன் என்று நான் கேட்டேன். அவள் தங்கியிருந்த பெண்கள் விடுதியை மூடப்போகிறார்கள். அலுவலகத்துக்குப் பக்கத்தில் தனியாக ஒரு அறை பார்த்து வைத்திருந்தாள். அம்மா ஒப்பவில்லை. வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வா, அண்ணன் சோறு போட மாட்டானா என்று தினமும் போனில் அழுகை. வீட்டுக்குப் போகிற நாளிலெல்லாம் அம்மா முதல் காரியமாக வெள்ளைக் கோலை வாங்கிப் பரண்மேல் போட்டுவிடுவாளாம். அப்புறம் திரும்பி வருகிறவரை மகளின் கை அம்மாவின் கைக்குள்தான். பக்கத்துக் கடைக்குக்கூடத் தனியாக விட்டதில்லை.

“அவகிட்டச் சொல்லாமலே ரூமுக்குப் போயிரலாம் மாமி. என் சம்பளம், என் வயசு. ஆனா எங்கம்மா அப்புறம் ஒருநாளும் தூங்க மாட்டா. அதத் தெரிஞ்சுக்கிட்டு நான் மட்டும் எப்படித் தூங்க? நான் பஸ்ல போறேன், ரோட்டத் தாண்டுதேன்னு எத்தனையோ தடவ சொல்லியாச்சு. கேட்டா அவ நம்ப மாட்டா. கண்ணால பாக்கணும் அவளுக்கு” என்றாள். சொல்லிவிட்டு, தான் சொன்னதே வேடிக்கையாகப் பட்டதோ என்னவோ, சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இது நடந்தே ஆக வேண்டும் என்று அந்த நிமிஷமே மனசில் விழுந்துவிட்டது.

தெருவில் நடப்பது வேறு, வெற்று மேடையில் நடப்பது வேறு. தெருவில் சுவர் இருக்கும், ஓரம் இருக்கும், கோல் தட்டிப் பார்க்க ஏதாவது இருக்கும். மேடையின் நடுவில் ஒன்றும் கிடையாது, நேராகப் போகிறோமா சாய்கிறோமா என்று தெரியாது. முதல் ஒத்திகையில் நேராக வாயனசாலை பீரோவில் போய் முட்டினாள். எலக்ட்ரீஷியன் அதற்கும் வழி கண்டுபிடித்தார். விரிக்கிற ஜமக்காளத்தின் அடிப்பக்கத்தில், மேடையின் குறுக்கே வரும்படி ஒரு மெல்லிய கயிற்றை இழுத்து ஒட்டினார். காலடியில் கயிறு உறுத்துகிறவரை அவள் பாதை சரி. வெறுங்காலோடு, கோலை வீசிக்கொண்டு, இருபுறமும் நாங்கள் நீலச் சேலைகளை அலைய விட, அவள் நடந்து பழகினாள்.

பாலக்காட்டிலிருந்து மறையூர் போக நாங்கள் கேரளத்தை விட்டு வெளியே போய்த் திரும்பக் கேரளத்துக்குள் வர வேண்டும். கோவிந்தாபுரத்தில் வேன் நின்றபோது லாட்டரிக்காரர் சலவைச் சட்டையோடு காத்திருந்தார். “என்ர கதைங்க அது. நான் வராம எப்படீங்க?” என்று ஏறி உட்கார்ந்தார். பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு காடு என்று வழி நெடுக, “இப்ப என்ன தெரியுதுங்க மாமி?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். காட்டில் யானை ஒன்றும் தென்படவில்லை. சொல்வதற்கு வேறு இல்லாமல், வாத்தியார் வாயைத் திறந்துகொண்டு தூங்குவதையும், வேன் குலுங்கும்போதெல்லாம் அந்த வாய் மூடித் திறப்பதையும் விவரமாகச் சொல்லி வந்தேன். வாத்தியார் பாதித் தூக்கத்தில், “அது வேண்டாமுங்க மாமி” என்றார்.

மறையூர் சமுதாயக் கூடத்து வாசலில் அவள் அம்மா நின்றிருந்தாள். ஒடிசலான உடம்பு, ஆனால் மகள் வேனை விட்டு இறங்கியதும் முழங்கைக்கு மேலே ஒரு பிடி பிடித்தாள் பாருங்கள், போலீஸ்காரர்கூட அப்படிப் பிடிக்க மாட்டார். மறு கையால் வெள்ளைக் கோலை வாங்கி, “இது எதுக்குட்டி இங்க?” என்று மடக்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு எலக்ட்ரீஷியன் போய், நாடகத்துக்கு வேண்டிய சாமானுங்க என்று கெஞ்சி அதை மீட்டு வந்தார். அம்மா என்னிடம் வந்து, “மேடையில புள்ள கைய யாரு புடிச்சுக்கிடுவா?” என்று கேட்டாள். பொய் சொல்ல வரவில்லை, உண்மையைச் சொல்லவும் தைரியம் இல்லை. “முன் வரிசையில உக்காந்து பாருங்கோ” என்றேன்.

கூட்டம் நல்ல கூட்டம். எழுந்து நடக்கலாம், பேசலாம், அழலாம் என்று வாத்தியார் மைக்கில் சொன்னார். சண்டைக் காட்சிக்கு ஹால் அதிர்ந்தது. கரையில் நாங்கள் போட்ட சண்டையில், பார்க்க வந்திருந்த எஸ்டேட்டுக்காரர்கள் தாங்களும் கலந்துகொண்டு, யார் கூட்டிப்போனால் நல்லது என்று யோசனை சொன்னார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவே அவள் கோலை விரித்தாள். ‘டக்’கென்று அது நிமிர்ந்த சத்தம் எனக்குக் கேட்டது.

“அவள் ஆத்துல காலை வைக்கறா” என்றேன். இந்தத் தடவை அது ஆறுதான்.

நன்றாகத்தான் போனாள். அம்மா நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டிருந்தாள். பாதி மேடையைத் தாண்டியபோது நான் பார்த்துவிட்டேன். அந்தத் தரை வழவழவென்று மெழுகின மாதிரித் தரை. சண்டைக் காட்சியில் நாங்கள் மிதித்த மிதியில் ஜமக்காளம் ஒரு பக்கமாக நகர்ந்து சுருங்கிவிட்டது. கயிறும் அதோடு போய்விட்டது. அவள் நின்றாள். வலது கால் தரையில் கயிற்றைத் தேடியது. மேடை விளிம்பு அவளுக்கு ரொம்ப தூரத்தில் இல்லை.

என் வேலை பார்த்ததைச் சொல்வது. ஆனால் நான் சொன்னால் அம்மாவுக்கும் கேட்கும். ஒரு கணம் யோசித்தேன், பிறகு வந்தது வரட்டும் என்று சொல்லிவிட்டேன். “அவள் நடு ஆத்துல நிக்கறா. காலால வழி தேடறா.” அதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். “முன் வரிசையில ஒரு அம்மா எழுந்துண்டாச்சு. மேடைப் படி ஏறறா. கையை நீட்டிண்டு வரா.”

நான் சொன்னதால்தான் மகளுக்கு அது தெரிந்தது. அவள் திரும்பவில்லை. சத்தமும் போடவில்லை. “எம்மா, அங்கனயே உக்காரு” என்றாள். சமையலறையிலிருந்து பேசுகிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாக.

நீட்டிய கை நீட்டியபடி அந்த அம்மாள் நின்றாள். கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் மெதுவாக மேடைப் படியிலேயே உட்கார்ந்து, அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். கூட்டம் இதுவும் நாடகம்தான் என்று நினைத்து மூச்சுவிடாமல் பார்த்தது. மகள் கோலால் அரைவட்டமாகத் தடவினாள், சுருக்கம் தட்டியது, காலை அங்கே வைத்தாள். கயிறு கிடைத்துவிட்டது.

நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல முடியவில்லை. கண் நிரம்பி, மைக்கைப் பிடித்துக்கொண்டு ஊமையாக உட்கார்ந்திருந்தேன். பார்வை இல்லாமல் வந்திருந்தவர்களுக்கெல்லாம் அவள் இன்னும் நடு ஆற்றில் நின்றுகொண்டிருந்தாள்.

பின் வரிசையிலிருந்து லாட்டரிக்காரர் தாங்காமல் கத்தினார். “மாமி! சொல்லுங்க மாமி! அந்தப் புள்ளைக்கு என்னாச்சுங்க? முழுகிட்டாளா?”

அவளே பதில் சொன்னாள், நடையை நிறுத்தாமல். “முழுகல அண்ணே. எங்கம்மா படியில உக்காந்துட்டா. நான் நடந்துக்கிட்டு இருக்கேன்.”

அக்கரையில் தூண் இருந்தது. கோல் அதைத் தட்டிய சத்தம் எல்லோருக்குமே கேட்டது, யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கைதட்டலில் கூரைத் தகரம் ஆடியது. இக்கரையில் சண்டை போட்டுக்கொண்டிருக்க வேண்டிய எங்கள் ஆட்கள் சண்டையை மறந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள், நாடகப்படி அவர்கள் அவளைக் கவனிக்கவே கூடாது. வாத்தியார் இதைப் பிறகு ஒரு குறையாகச் சொன்னார். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

நாடகம் முடிந்து நாங்கள் பலகையும் சேலைகளும் கட்டிக்கொண்டிருந்தோம். அம்மா இன்னும் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். மகள் கோலைத் தட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா கை இரண்டு தடவை மகள் முழங்கைப் பக்கம் போய்த் திரும்பியதைப் பார்த்தேன்.

“அந்த ரூமு மாடியிலயா, கீழயா?” என்று அம்மா கேட்டாள்.

“மாடிலம்மா.”

“ஏட்டி, படிக்குக் கைப்பிடி இருக்கா?”

“இருக்கும்மா” என்றாள் அவள்.